நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி.: லேப் ரொட்டேஷனையும் தீசிஸையும் எதை வைத்துத் தேர்வது?

வைகைக்கரை:

வணக்கம். பி.டெக். பயோடெக் முடித்தாயிற்று. ஜெர்மனியில் நியூரோசயின்ஸ் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்து, அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. விசா, ஏ.பி.எஸ். (சான்றிதழ் சரிபார்ப்பு), பிளாக்டு அக்கவுண்ட் எல்லாவற்றுக்கும் இங்கே தனித்தனித் திரி இருக்கிறது. இது படிப்பைப் பற்றி மட்டும்.

முதல் வருடம் வகுப்புகளோடு மூன்று லேப் ரொட்டேஷன், அதாவது லேப் மாற்றி லேப் வேலை பழகுவது, ஒவ்வொன்றும் ஏழெட்டு வாரம். அடுத்து ஆறு மாதம் தீசிஸ். எனக்குப் பிடித்த தலைப்பு நினைவாற்றல், அதற்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ். அந்த ஒரு தலைப்பிலேயே பேட்ச் கிளாம்ப் (ஒற்றை நரம்பு செல்லில் கண்ணாடி ஊசி வைத்து மின்சாரத்தை அளப்பது) செய்கிற லேப் இருக்கிறது, சுண்டெலியின் மூளைக்குள் நியூரோபிக்சல்ஸ் (நிறைய மின்முனைகள் கொண்ட மெல்லிய ஊசி) இறக்குகிற லேப் இருக்கிறது, மனிதர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைக்கிற லேப்பும் இருக்கிறது. எதை வைத்துத் தேர்வது?

கணக்கு முதலாண்டு இன்ஜினியரிங் மேத்ஸோடு நின்றுவிட்டது. பைதான் மேலோட்டமாகத் தெரியும். கையில் மூன்று மாதம் இருக்கிறது. எதைப் படித்தால் வீணாகாது?

இன்னொன்று: முதல் வருட மார்க் நன்றாக இருந்தால் மாஸ்டர்ஸ் தீசிஸ் எழுதாமலே பிஎச்.டி.க்குப் போகலாம் என்கிறார்களே, போகலாமா?

---

ஆக்ஸான்:

தலைப்பை ஓரமாக வையுங்கள். ஒரு நாள் உழைத்தால் எத்தனை டேட்டா கையில் வரும், அது ஆறு மாதத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாகுமா என்று பாருங்கள். ஹிப்போகாம்பஸ் எங்கும் ஓடிவிடாது, பிஎச்.டி.யில் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் நேரக் கணக்கு. ஜெர்மனியில் ஒரு கிரெடிட்டுக்குப் பொதுவாக 30 மணி நேரம். தீசிஸ் 30 கிரெடிட் என்றால் 900 மணி, வாரம் 40 மணி வீதம் இருபத்திரண்டரை வாரம். அவ்வளவுதான். நெதர்லாந்தில் ஒரு கிரெடிட் 28 மணி. உத்ரெக்ட்டின் நியூரோசயின்ஸ் அண்ட் காக்னிஷன் படிப்பில் பெரிய புராஜெக்ட் மட்டும் 51 கிரெடிட், அதாவது 1,428 மணி, ஏறக்குறைய ஒன்பது மாதம். அங்கே படித்தவர்கள் "புது மெத்தட் ஒன்றை நிறுவிக் காட்டு" என்று அறிவுரை சொன்னால் அவர்களுக்கு அது சரி. கோட்டிங்கன் மாதிரி முதல் வருடத்திலேயே மூன்று ரொட்டேஷனையும் பெரிய தேர்வையும் திணித்துவிட்டு ஆறு மாதத்தில் தீசிஸ் கேட்கிற இடத்தில் அது பொருந்தாது.

ரொட்டேஷன் எட்டு வாரம் என்றால் 40 வேலை நாள். பாதுகாப்புப் பயிற்சி, சாவி, கம்ப்யூட்டர் கணக்கு, கருவி அறிமுகம் என்று முதல் வாரம் போகும். அடுத்த இரண்டு வாரம் கை பழக. கடைசி வாரம் அறிக்கை, அதற்கு முந்தைய வாரம் அனாலிசிஸ். மிச்சம் மூன்று வாரம். அதில் கருவி பழுது, விலங்கு வராத நாள், அரசு விடுமுறை கழித்தால் உருப்படியான டேட்டா நாள் 12 தேறினால் பெரிது. ஆகவே ரொட்டேஷனில் கண்டுபிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஒரு தொழில்நுட்பம் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா, அந்த லேப்பில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கத்தான் அது.

மூன்றையும் ஒரே வகையில் எடுப்பது வீண். ஒன்று ஈரக்கை லேப் (கரைசலும் திசுவும் கையாளும் இடம்), ஒன்று முழுக்க டேட்டா, மூன்றாவது தீசிஸ் செய்ய நினைக்கும் லேப். மூன்றாவதைக் கடைசியில் வைத்தால் கற்ற கை ஆறும் முன் தீசிஸைத் தொடங்கலாம்.

லேப் தலைவரிடம் பேசப் போகும்போது இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்:

தினமும் எனக்குச் சொல்லித்தருவது யார்? அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? (தீசிஸ் நடுவில் சொல்லித்தரும் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்த ஆராய்ச்சியாளர், வேறு ஊருக்குப் போய்விட்டால் கருவியோடு தனியாக நிற்பீர்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம்.)

விலங்குப் பரிசோதனை அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, அதில் எனக்கு விலங்கு மிச்சம் இருக்கிறதா?

ரிக், அதாவது பதிவு எடுக்கும் கருவி மேஜை, வாரத்தில் எந்தெந்த நாள் எனக்கு? "பார்த்துக்கலாம்" என்றால் இரவு ஏழு மணிக்கு மேல் என்று அர்த்தம்.

கடைசியாக இங்கே மாஸ்டர்ஸ் செய்த இரண்டு பேரின் தீசிஸைப் படிக்கலாமா? அதில் ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனை செல், எத்தனை விலங்கு என்று எழுதியிருக்கும். உங்கள் ஆறு மாதத்தின் உண்மையான அளவு அதுதான்.

லேப்புக்கு மெயில் இரண்டு மூன்று மாதம் முன்பே போக வேண்டும். பத்து வரி போதும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன தெரியும், அவர்களுடைய எந்தப் பேப்பரில் எந்தப் பரிசோதனையைப் பற்றி என்ன கேள்வி. "உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்கிற வரியை எழுதினால் உடனே அழித்துவிடுங்கள்.

---

கண்ணாடிஊசி:

பேட்ச் கிளாம்ப் பக்கம் நான் சொல்றேன். ஸ்லைஸில், அதாவது மெல்லிசா வெட்டின மூளைத் துண்டுல, செய்யற ஹோல்செல் ரெக்கார்டிங் (செல் சவ்வை உடைச்சு உள்ளே போய் அளக்கறது) ஆறு மாத தீசிஸுக்கு ஏத்தது. அன்னிக்குக் கிடைச்ச டேட்டா அன்னிக்கே தெரியும், மறுநாள் புதுசா தொடங்கலாம். ஆனா முதல் ஆறு வாரம் ஒண்ணுமே வராது. அது தெரியாம போய் "எனக்கு இது சரிப்படாது"ன்னு மூணாவது வாரத்துல விடறவங்க நிறைய.

ஒரு நாள் கணக்கு இப்படி. ஒரு சுண்டெலி, 300 மைக்ரான் தடிமனில் ஆறேழு ஸ்லைஸ், வெட்டி முடிச்சதும் 32–34 டிகிரியில் அரை மணி, பிறகு அறை வெப்பத்தில். அஞ்சாறு மணி நேரம் நல்லா இருக்கும். புதுசா கத்துக்கறவருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு நல்ல செல் வந்தா சந்தோஷப்படலாம்.

தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் மைக்ராஸ்கோப் கிடையாது, தராசு. ஏ.சி.எஸ்.எஃப். கரைசல் (மூளையைச் சுத்தி இருக்கிற திரவத்துக்கு மாத்து), லிட்டருக்கு:

சோடியம் குளோரைடு 125 மில்லிமோலார், 7.31 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 2.5 மில்லிமோலார், 0.19 கிராம்
சோடியம் பைகார்பனேட் 25 மில்லிமோலார், 2.10 கிராம்
சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25 மில்லிமோலார், நீரற்றதுன்னா 0.15 கிராம், ஒரு நீர்மூலக்கூறு சேர்ந்ததுன்னா 0.17
குளுக்கோஸ் 25 மில்லிமோலார், 4.50 கிராம்
மெக்னீசியம் குளோரைடு 1 மில்லிமோலார், ஒரு மோலார் ஸ்டாக்கிலிருந்து 1 மில்லி
கால்சியம் குளோரைடு 2 மில்லிமோலார், அதே மாதிரி 2 மில்லி

லேபிளில் நீர்மூலக்கூறு எத்தனைன்னு படிக்காம நிறுத்தறதுதான் முதல் தப்பு. கால்சியமும் மெக்னீசியமும் திடப்பொருளா நிறுக்காதீங்க, ரெண்டும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து எடையை மாத்திடும், ஸ்டாக் கரைசல்தான் நம்பலாம். ரெண்டாவது தப்பு, கால்சியத்தை முதல்லயே ஊத்தறது. 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த கார்போஜன் பதினைஞ்சு நிமிஷமாவது குமிழ் விட்டு பி.எச். 7.4-க்கு இறங்கின பிறகுதான் கால்சியம். முன்னாடியே போட்டா பைகார்பனேட்டோட சேர்ந்து கால்சியம் கார்பனேட்டா வெள்ளையா படியும். கரைசல் லேசா பால் கலந்த மாதிரி இருந்தா வடிகட்டிப் பயன்படுத்தலாம்னு நினைக்காதீங்க, கால்சியம் அளவே போச்சு. கொட்டிட்டு புதுசா.

ஆஸ்மோலாரிட்டி (கரைஞ்சிருக்கிற துகள்களோட மொத்த அளவு) 300லிருந்து 315 மில்லிஆஸ்மோல் வரை. செல்லைத் தொடற கண்ணாடி ஊசியான பிப்பெட்டுக்குள்ள இருக்கிற கரைசல் அதைவிட 10–20 குறைவா, 290 பக்கம் இருக்கணும். உள் கரைசல் அதிகமானா உடைச்சு உள்ளே போன கொஞ்ச நேரத்துல செல் ஊதும். ஏ.டி.பி., ஜி.டி.பி. போட்ட உள் கரைசல் ஐஸ்லயே இருக்கணும், அரை மில்லி அளவுல பிரிச்சு உறைய வச்சு, ஒரு தடவை உருக்கினதைத் திரும்ப உறைய வைக்காம, 0.22 மைக்ரான் ஃபில்டர் வழியா.

பிப்பெட் ரெசிஸ்டன்ஸ் 3–6 மெகாஓம். கரைசலுக்குள்ள இறக்கும்போதே லேசான பாசிட்டிவ் பிரஷர் இருக்கணும், இல்லைன்னா நுனியில குப்பை ஒட்டி ஜிகாசீல் (நுனிக்கும் செல்லுக்கும் நடுவுல இறுகற ஒட்டு) வராது. செல்லைத் தொட்டதும் குழி மாதிரி தெரியும், பிரஷரை விடுங்க, மெதுவா உறிஞ்சுங்க. 1 ஜிகாஓம் தாண்டினா சீல். ஒரு பிப்பெட் ஒரு முயற்சிக்குத்தான், சீல் வரலைன்னா அதையே துடைச்சு இன்னொரு செல்லுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

உள்ளே போன பிறகு சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற தடை) 20 மெகாஓமுக்குக் கீழே இருக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பாருங்க. தொடக்கத்துல இருந்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல மாறிடுச்சுன்னா அந்த செல் கணக்குல கிடையாது. இந்த விதியை டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே நோட்டுல எழுதி வைங்க. பின்னாடி எழுதினா, பிடிச்ச செல்லுக்கெல்லாம் விதி தளரும்.

பொட்டாசியம் குளுக்கோனேட் கரைசல்னா லிக்விட் ஜங்ஷன் பொடென்ஷியல் (ரெண்டு கரைசல் சேர்ற இடத்துல வர்ற மின்னழுத்தம்) 10–15 மில்லிவோல்ட் இருக்கும். திரையில −65 தெரிஞ்சா உண்மையில −75க்கும் −80க்கும் நடுவுல. திருத்தினீங்களா இல்லையான்னு தீசிஸ்ல ஒரு வரி எழுதணும், வாய்மொழித் தேர்வுல கட்டாயம் கேப்பாங்க.

நாள் முழுக்க ஸ்லைஸ் செத்துப்போகுதுன்னா வரிசையா பாருங்க: பிளேடு புதுசா, வைப்ரடோம் (ஸ்லைஸ் வெட்டற கருவி) மேலும் கீழும் ஆடுதா, வெட்டற வேகம் அதிகமா, தலையை எடுத்ததிலிருந்து மூளை ஐஸ் கரைசலுக்குப் போக ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுதா. அப்புறம் வயசு. ரெண்டு மூணு வார எலிக்குட்டியில எல்லாமே சுலபம். ரெண்டு மாசத்து எலின்னா சாதாரண கரைசல்ல வெட்டினா மேல்பரப்பு செல் எல்லாம் ஊதிப் போயிருக்கும். அதுக்கு இதயம் வழியா குளிர்ந்த கரைசல் செலுத்தி, சோடியத்துக்குப் பதிலா என்.எம்.டி.ஜி. போட்ட கரைசல்ல வெட்டணும். லேப்பில அந்த முறை ஓடிட்டிருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அதை நிலைநிறுத்தவே உங்க ஆறு மாசம் போயிடும்.

---

சிறுமூளை:

கண்ணாடிஊசி சொன்னதோடு ஒன்று. "அனுமதி இருக்கிறது" என்று லேப்பில் சொன்னால் எதற்கு அனுமதி என்று கேளுங்கள். விலங்கைக் கொன்று திசுவை எடுப்பதற்கும், உயிரோடிருக்கும் விலங்கின் மூளைக்குள் வைரஸ் செலுத்துவதற்கும் ஜெர்மனியில் நடைமுறை வேறு. முன்னதற்கு அறிவிப்பும் பயிற்சியும் போதும், பின்னதற்கு விலங்குப் பரிசோதனை அனுமதியே வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 விதிப்படி முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு முடிவெடுக்க 40 வேலை நாள், அதுவே இரண்டு மாதம். "முழு விண்ணப்பம்" என்பதில்தான் சூட்சுமம். கூடுதல் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த நாட்கள் இந்த நாற்பதில் சேராது. தீசிஸ் தொடங்கிய பிறகு விண்ணப்பிக்கப் போகும் புராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளவே கூடாது.

உங்கள் பெயரும் தனியாகச் சேர வேண்டும். விலங்கைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் கூண்டைத் திறக்கக்கூட விடமாட்டார்கள். பயிற்சி வகுப்புகள் அடிக்கடி நடப்பதில்லை, இடமும் குறைவு. அக்டோபரில் போனவுடன் பதிவு செய்யுங்கள், ரொட்டேஷனுக்குத் தேவையில்லை என்றாலும்.

வைரஸ் வைத்து ஆப்டோஜெனடிக்ஸ் (ஒளியால் நரம்பு செல்லைத் தூண்டுவது) செய்வதாக இருந்தால் இன்னொரு கணக்கு. ஏ.ஏ.வி. என்கிற அந்த வைரஸைச் செலுத்திய பிறகு புரதம் போதுமான அளவு வெளிப்பட இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். தூர இழைமுனைகளில் ஒளியைப் பாய்ச்சுவதாக இருந்தால் அதைவிட அதிகம். இதை எட்டு வார ரொட்டேஷனில் வைத்துப் பாருங்கள். முதல் வாரமே உங்களுக்காக யாராவது ஊசி போட்டு வைத்திருந்தால் மட்டுமே முடியும். ஊசி தவறான இடத்தில் இறங்கியிருந்தால் மூன்று வாரம் கழித்து ஸ்லைஸை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கும்போதுதான் தெரியும். அதனால் தொடர்ச்சியாக ஒவ்வொரு வாரமும் இரண்டு விலங்குக்குச் செலுத்திக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடித்தால் ஒரே தவறு எல்லாவற்றிலும் இருக்கும்.

---

எண்ணும்எழுத்தும்:

டேட்டா பக்கம் சுலபம் என்று நினைத்து வருகிறவர்களுக்காக இது.

நியூரோபிக்சல்ஸ் 1.0 ஊசியில் 960 மின்முனைகள், ஒரே நேரத்தில் பதிவாவது 384. வினாடிக்கு 30,000 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட். பெருக்கினால் வினாடிக்கு 23 மெகாபைட், ஒரு மணி நேரப் பதிவுக்கு 83 ஜிகாபைட். பத்து விலங்கு, ஆளுக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி என்றால் நான்கு டெராபைட்டுக்கு மேல். மடிக்கணினியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கேயே முடிந்தது. ஸ்பைக் சார்ட்டிங்கிற்கு (எந்த மின்துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரிப்பதற்கு) கைலோசார்ட் மென்பொருளை ஓட்ட நல்ல என்விடியா ஜி.பி.யு. வேண்டும். லேப்பில் எத்தனை பேர் அந்த ஒரு மெஷினுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். மென்பொருள் பிரித்துத் தரும் யூனிட்டுகளை அப்படியே நம்பவும் முடியாது. ஒரே நியூரான் 2 மில்லி வினாடிக்குள் இரண்டு முறை சுடுவது அரிது, அப்படிச் சுடுவதாக நிறையத் தெரிந்தால் அது இரண்டு நியூரான் கலந்தது. விலங்கு அசையும்போது ஊசி மூளைக்குள் நகர்ந்து ஒரே செல் பாதியில் வேறு சானலுக்குப் போய்விடுவதும் உண்டு.

ஆனால் மாஸ்டர்ஸ் தீசிஸில் மிக அதிகமாக நடக்கும் தவறு மென்பொருளில் இல்லை. எண்ணிக்கையில். மூன்று சுண்டெலி, ஒவ்வொன்றிலும் பத்து செல், ஆகவே எண் 30 என்று போட்டு டி-டெஸ்ட் ஓட்டுவது. ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையின் அளவு, அதாவது உள்-தொகுதி ஒட்டுறவு, 0.3 என்று வையுங்கள். 1 + (10 − 1) × 0.3 = 3.7. முப்பதை 3.7-ஆல் வகுத்தால் 8. உங்களிடம் இருப்பது ஏறக்குறைய எட்டு செல்லுக்கான தகவல்தான், முப்பது அல்ல. கலப்பு விளைவு மாடல் (எலிக்கு எலி உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுப்பது) போட்டு எலியை ரேண்டம் விளைவாக வைப்பது முறை, ஆனால் மூன்றே எலியிருந்தால் அந்த மாடலும் தள்ளாடும். செல்லைக் கூட்டுவதைவிட எலியைக் கூட்டுவது மேல். இந்தக் கணக்கை முதல் வாரத்தில் போடுங்கள். கடைசி வாரத்தில் போட்டால் அழுகைதான்.

இரு குழு ஒப்பீட்டில் நடுத்தர விளைவு, கோஹனின் டி (விளைவின் அளவு) 0.5, என்று எதிர்பார்த்தால் 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 0.8 என்றால் 26. நியூரோசயின்ஸ் ஆய்வுகளின் பவரை, அதாவது இந்தக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்ட 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் இடைநிலை மதிப்பு 21 சதவீதம் அளவில்தான் வந்தது. முந்தைய பேப்பரில் குழுவுக்கு எட்டு என்றிருந்தால் அதையே காப்பியடிக்க அது காரணம் ஆகாது.

எம்.ஆர்.ஐ. கேட்டிருந்தீர்கள். விலங்கு அனுமதித் தொல்லை இல்லை, ஆனால் நெறிமுறைக் குழு அனுமதி உண்டு. முப்பது பேர், ஆளுக்கு ஒன்றரை மணி என்றாலே 45 மணி ஸ்கேனர் நேரம், அதை மாஸ்டர்ஸ் மாணவருக்கு ஒதுக்குவார்களா என்பதே கேள்வி. ஜெர்மன் தெரியாவிட்டால் உள்ளூர்ப் பங்கேற்பாளர்களுக்கு விளக்கம் சொல்லவும் கஷ்டம். ஏற்கெனவே எடுத்த டேட்டாவில் வேலை செய்தால் ஆறு மாதம் தாராளம். ஓப்பன்நியூரோ இணையதளத்தில் பிட்ஸ் (BIDS) என்கிற பொது வடிவில் அடுக்கிய பொது டேட்டாவே நிறைய. அனாலிசிஸில் கிளஸ்டர் (சேர்ந்தாற்போல் ஒளிரும் மூளைப் புள்ளிகள்) அளவை வைத்து முடிவு சொல்லும்போது மட்டும் கவனம்: எக்லுண்ட் குழுவினர் 2016-இல் காட்டியபடி, வழக்கமான மென்பொருள்களில் 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போயிருந்தது. தொடக்கத் திரெஷோல்டைத் தளர்வாக, 0.01 என்று வைப்பதுதான் முக்கியமான வில்லன். 0.001 வையுங்கள்.

இப்போது கணக்கு. மூன்று மாதத்துக்கு நான்கு விஷயம் போதும். லீனியர் ஆல்ஜீப்ராவில் மேட்ரிக்ஸ் பெருக்கல், ஐகன் மதிப்பு, மேட்ரிக்ஸைப் பிரிக்கும் எஸ்.வி.டி. வரை (டேட்டாவைச் சுருக்கும் பி.சி.ஏ. என்பது அதன் இன்னொரு முகம்). முதல் படி வகைக்கெழுச் சமன்பாடு. நிகழ்தகவில் பாய்ஸான், பேயஸ். ஃபூரியேவில் ஏன் 1,000 ஹெர்ட்ஸ் மாதிரியில் 500-க்கு மேல் எதையும் பார்க்க முடியாது என்கிற அளவு. பாடப்புத்தகத்தைப் படித்துக்கொண்டே போகாதீர்கள், கோட் எழுதுங்கள். இரண்டு வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று: வெளியே பொட்டாசியம் 2.5, உள்ளே 140 மில்லிமோலார், 33 டிகிரி செல்சியஸ். நெர்ன்ஸ்ட் மதிப்பு (பொட்டாசியம் சமநிலைக்கு வரும் மின்னழுத்தம்) −106 மில்லிவோல்ட் வர வேண்டும். வெப்பநிலையைக் கெல்வினில் போட மறந்தால் வேறெதுவோ வரும்.

இரண்டு: லீக்கி இன்டகிரேட் அண்ட் ஃபயர் நியூரான் (வரும் கரண்டைச் சேர்த்து, கொஞ்சம் கசியவிட்டு, வரம்பைத் தொட்டால் சுடும் எளிய மாடல்). டைம் கான்ஸ்டன்ட் 20 மில்லி வினாடி, ஓய்வு −70 மில்லிவோல்ட், திரெஷோல்ட் −50, சுட்டபின் மீண்டும் −70, ரெசிஸ்டன்ஸ் 100 மெகாஓம், ரிஃப்ராக்டரி நேரம் பூஜ்யம், டைம் ஸ்டெப் 0.1 மில்லி வினாடி. 200 பிகோஆம்பியருக்குக் கீழே சுடவே கூடாது. 300 கொடுத்தால் வினாடிக்கு 45 சுமார். காகிதத்தில்: 20 × இயல் மடக்கை (30/10) = 21.97 மில்லி வினாடி இடைவெளி. புரோகிராமும் காகிதமும் ஒத்துப்போனால் அடுத்து நரம்புத் துடிப்புக்கான 1952-இன் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடல், நான்கு சமன்பாடு. கிட் (Git) தளம் ஒன்றில் கோடைப் போட்டு வையுங்கள், மெயிலில் அந்த லிங்க்கைக் கொடுக்கலாம். பயோடெக்கிலிருந்து வருகிறவருக்கு இது பரிந்துரைக் கடிதத்தைவிட வேலை செய்யும்.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு மனதில் இருப்பது: முதல் ரொட்டேஷன் டேட்டா லேப், இரண்டாவது ஏதாவது இமேஜிங், மூன்றாவது ஸ்லைஸ். அந்த நேரடி பிஎச்.டி. பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

ஆக்ஸான்:

வரிசை சரி. ஸ்லைஸ் லேப்பிலேயே தீசிஸ் என்றால் மூன்றாவது ரொட்டேஷன் முடியும் முன்பே ரிக் நாட்களை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரடி பிஎச்.டி., அதாவது ஃபாஸ்ட் டிராக் பற்றி: கோட்டிங்கனிலும், மியூனிக்கின் எல்.எம்.யு.விலும் அப்படிப்பட்ட வழி உண்டு. முதல் வருட முடிவில் தேர்வில் மிக நன்றாகச் செய்தவர்களுக்குத் திறக்கும். அரை வருடம் மிச்சம் என்று பார்த்தால் லாபம். ஆனால் எட்டு வாரத்தில் பார்த்த லேப்பில் மூன்று நான்கு வருடம் ஒப்புக்கொள்கிறீர்கள். தீசிஸ் என்பது ஆறு மாத ஒத்திகை. லேப் பிடிக்கவில்லையென்றால் பட்டத்தோடு மரியாதையாக வெளியே வரலாம். ஃபாஸ்ட் டிராக்கில் பாதியில் விட்டால் மாஸ்டர்ஸ் பட்டம் எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்று படிப்பு விதிமுறையில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்கு நிதி உள்ள சூப்பர்வைசர், ரொட்டேஷனிலேயே உங்களோடு பேப்பர் திட்டம் பேசியவர் என்றால் போகலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் தீசிஸ் எழுதுங்கள்.

தேர்வுகள் முடிந்த கையோடு லேப்பில் மாணவ உதவியாளர் வேலை, ஹிவி என்பார்கள், கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் செய்யும் இந்த வேலை வெளிநாட்டு மாணவர்களுக்கான வருடம் 140 முழுநாள் வரம்பில் சேராது. கரைசல் கலக்குவதும் இமேஜ் எண்ணுவதும்தான் வேலையாக இருக்கும். ஆனால் தீசிஸின் முதல் இரண்டு வாரத்துப் பழக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

---

வைகைக்கரை:

நெர்ன்ஸ்ட் −106 வந்துவிட்டது. இரண்டாவது வீட்டுப்பாடத்தில் 300 கொடுத்தால் வினாடிக்கு 10,000 ஸ்பைக் வருகிறது. 45 எங்கே, இது எங்கே! புரோகிராமை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

---

எண்ணும்எழுத்தும்:

புரோகிராமில் தவறு இல்லை, யூனிட்டில். 10,000 என்பதே துப்பு: 0.1 மில்லி வினாடி ஸ்டெப் என்றால் வினாடிக்கு 10,000 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் சுடுகிறது. மெகாஓமை பிகோஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது மைக்ரோவோல்ட். நீங்கள் 100 × 300 = 30,000 என்று போட்டு அதை மில்லிவோல்ட்டாக எடுத்திருக்கிறீர்கள். கரண்டை நானோஆம்பியரில், 0.3 என்று கொடுங்கள். மெகாஓம் × நானோஆம்பியர் = மில்லிவோல்ட், 30 வரும்.

ஸ்டெப்பை 5 மில்லி வினாடியாக்கியும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 45-க்குப் பதில் 50 வரும். ஏன் என்று தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.